வியாழக்கிழமை என்று முந்நூறு தடவை

அச்சு மை காயாத காகிதத்துக்கு மண்ணெண்ணெயும் எரிந்த எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை உண்டு. சாலை பஜாரிலிருந்த அச்சாபீஸிலிருந்து என் கல்யாணப் பத்திரிகையின் 'புரூப்' வந்த சாயங்காலம் அந்த வாடை எங்கள் கூடம் முழுக்க நிறைந்துபோய், அம்மா அடுக்களையிலிருந்து வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் எங்கள் வீடு. எனக்கு அப்போது பதினேழு நடந்துகொண்டிருந்தது. ஸ்கூல் பைனல் வகுப்பு. பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாயிற்று, மார்ச்சில் எழுத வேண்டும். கல்யாணமோ தை மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை என்றும், மாசி பிறந்ததும் அவருக்கு லீவு முடிகிறதென்றும், பெண்ணைக் கையோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு என்றும் கும்பகோணத்திலிருந்து அவருடைய தகப்பனார் எழுதியிருந்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். பரீட்சையைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

அப்பா ராஜ்யத்தின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. எந்தக் காரியமானாலும் முடிவிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணிக்கொண்டு வருவது அவருடைய வழக்கம். பத்திரிகை விஷயத்தையும் அப்படித்தான் எண்ணினார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் யுத்த காலத்து ரயிலில் கடிதம் போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும், கிடைத்த பிறகு அவர்கள் லீவு கேட்டுப் புறப்பட வேண்டும், ஆகவே அந்தக் கட்டு தை பன்னிரண்டுக்குள் தபாலில் சேர வேண்டும். திருவிதாங்கூருக்குள் போகிற கடிதங்களுக்கு ராஜ்யத்தின் சொந்த 'அஞ்சல்' என்று தனியாக ஒன்று இருந்தது. நாகர்கோவில், சுசீந்திரம் பக்கத்து உறவுக்காரர்களுக்கு அதில் ஒரு வாரம் கழித்துப் போட்டால் போதும். கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். மார்கழியில் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் தை பிறந்த மறுநாள்தான் வாசகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நாள் பிசகினாலும் எல்லாம் பிசகிவிடும் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்திரிகை தபால்ல சேந்துட்டா அப்பறம் நம்ம கையில ஒண்ணும் இல்லையாக்கும்" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் நிம்மதியாகத்தான் அதைச் சொன்னார். எனக்கு அது வேறு விதமாகக் கேட்டது. தபாலில் சேராதவரைக்கும் கல்யாணம் இன்னும் நடந்துவிடவில்லை, இரண்டே இரண்டு மாதம் தள்ளிப்போனால் பரீட்சை எழுதிவிடலாம் என்று அன்றிலிருந்து நானும் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

புரூப் என் கைக்கு வந்ததற்குக் காரணம் என் தமிழ். அச்சாபீஸ் நாணுப் பிள்ளை மலையாளத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக் கோப்பார், ஆனால் தமிழ் எழுத்துகளைப் படம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கோப்பார். அதனால் பிழைகள் மலிந்திருக்கும். அப்பாவுக்குக் கச்சேரி வேலையில் கண் களைத்துப்போகும். "நீ பாத்துத் திருத்தி வை, காலம்பற கொண்டுபோய்க் கொடுக்கணம்" என்று என்னிடம் நீட்டினார்.

ஒன்பது பிழைகள் இருந்தன. எட்டைத் திருத்தினேன். ஒன்பதாவது, முகூர்த்தம் வியாழக்கிழமை என்றிருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. பென்சிலை அதன் மேல் வைத்து எடுத்துவிட்டேன். அச்சடித்து வந்த பிறகு யாராவது கண்டுபிடிப்பார்கள், திரும்ப அச்சடிக்க இந்த யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காது, கிடைத்து அடிப்பதற்குள் தை போய்விடும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடியில் 'பார்த்தாயிற்று' என்று எழுதி, தேதி போட்டு, அப்பாவின் பையில் வைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது தலைவலி என்று சொன்னேன்.

தை பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நாணுப் பிள்ளையே பத்திரிகைக் கட்டைச் சுமந்து வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவ அம்மா ஒன்றைக் கையில் எடுத்தவள், படித்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பாவின் கோபமெல்லாம் நாணுப் பிள்ளை மேல் திரும்பியது. கண்ணில்லையா, இத்தனை வருஷத் தொழிலில் கிழமை தெரியாதா என்று அவர் அதுவரை யாரிடமும் பேசாத விதமாகப் பேசினார். நாணுப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மடியிலிருந்து புரூப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"மோள் நோக்கித் தந்ததாணல்லோ சாமீ" என்றார், மகள் பார்த்துத் தந்ததுதானே என்று. அவர் குரலில் என்னைக் காட்டிக்கொடுக்கிற எண்ணம் இல்லை. தன் மேல் தப்பில்லை என்பது மட்டும்தான் இருந்தது.

அப்பா வெகு நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். எட்டுத் திருத்தங்களும் வரிசையாக, அழகாக இருந்தன. நாணுப் பிள்ளையிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிழமையைப் பாத்தயா?"

"பாத்தேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காகிதம் கிடைக்குமா என்று விசாரித்து வருவதாகச் சொல்லிச் சாலை பஜாருக்குப் போனார். கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அவர் திரும்பி வருகிறவரைக்கும் அந்த இரண்டு மணி நேரமும் கல்யாணம் தள்ளிப்போயிற்று என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சரித்திரப் புத்தகத்தைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வெறுங்கையோடு வந்தவர் முற்றத்தோரம் பாயை விரித்தார். மங்களப் பத்திரிகையில் அடித்தல் இருக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால், மீந்திருந்த வெள்ளைக் காகிதத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினார். ஒவ்வொரு துண்டிலும் 'வியாழக்கிழமை' என்று எழுதித் தப்பான கிழமையின் மேல் ஒட்ட வேண்டும். "உன் எழுத்துத்தான் அச்சு மாதிரி இருக்கும், நீ எழுது" என்றார். நான் எழுதினேன், அவர் சோற்றுப் பசை தடவி ஒட்டினார். முந்நூறு பத்திரிகை. நூறு தாண்டியபோது என் கை மரத்துப்போயிருந்தது. அதற்கப்புறம் அது எந்தக் கிழமை என்றே எனக்கு அர்த்தமாகவில்லை, வெறும் கோடுகளாகத்தான் தெரிந்தது.

பசை தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அப்பா சொன்னார்: "பரீட்சை முடிஞ்சு வச்சுக்கலாமான்னு ரெண்டு தடவை கும்பகோணத்துக்கு எழுதிக் கேட்டேன். படிக்க வைக்கறதுன்னா உங்காத்துலயே வச்சுண்டு படிக்க வையுங்கோன்னு பதில் வந்துது. உனக்குக் கீழே இன்னும் ரெண்டு பேர் இருக்கா, கேட்டயா?"

அவருக்கும் வழியில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதுவரை அப்பா ஒரு கதவு என்றும், தட்டினால் திறந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை மறுபடியும் மையில் தோய்த்தேன்.

"போறும், எழுந்திரு" என்று அவர் சொன்னபோது வெயில் இறங்கியிருந்தது. பம்பாய்க் கட்டு, அவர் எண்ணியபடியே, பன்னிரண்டாம் தேதி தபாலில் சேர்ந்தது. தப்பாமல் எல்லோரும் வியாழக்கிழமைக்கு வந்துசேர்ந்தார்கள். மார்ச்சில் என் வகுப்புப் பெண்கள் பரீட்சை எழுதிய நாட்களில் நான் பம்பாய் மாதுங்காவில் மூன்றாவது மாடியில் குழாய்த் தண்ணீருக்காகக் காத்திருந்தேன்.

என் கணவர் நல்லவர். பதினேழு வருஷம் கழித்து, எங்கள் பெண் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு உட்கார்ந்த வாரத்தில்தான் இதை அவரிடம் சொன்னேன். "ஏப்ரல்ல லீவு கேட்டிருந்தாலும் ஆபீஸ்ல குடுத்திருப்பா. என்னை யாரும் கேக்கலையே" என்றார்.

திருவிதாங்கூர் அஞ்சல் இந்திய தபாலில் கரைந்துபோயிற்று. நாணுப் பிள்ளையின் அச்சாபீஸ் இருந்த இடத்தில் இப்போது இரும்புச் சாமான் விற்கிறார்கள். தேதியை இரண்டு முறை மாற்றிவிட்டுப் போனில் ஒரு வரி அனுப்பி என் பேத்தி கல்யாணம் செய்துகொண்டாள். அவளுக்கு எண்ணிப் பார்க்க நாளே இருக்கவில்லை. போனதற்கெல்லாம் நான் ஏங்கவில்லை. கும்பகோணத்துப் பெரியவர் போய்விட்டார், அப்பா போய்விட்டார், என் கணவரும் போய் ஆறு வருஷமாகிறது. கோபித்துக்கொள்ள ஒருவரும் இல்லாத வீட்டில் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.