ஓடையில் கொட்டியது

குன்னத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இளையபெருமாள் மணியக்காரராக இருந்தார். யுத்த காலம். ஆழாக்குச் சீமெண்ணெய்க்கு ஊரே அலைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு வியாபாரியின் லாரி ஓடைப் பாலத்தில் குடைசாய்ந்தது. பீப்பாய்கள் உடைந்து ஓடைத் தண்ணீரெல்லாம் எண்ணெய்.

எண்ணெய் கொட்டினால் உடனே போலீசில் சொல்ல வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. சொன்னால் ஓடையைச் சுத்தம் பண்ண ஆள் வரும் என்று நம்பி, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்கு நடந்தார் மணியக்காரர்.

வந்த இன்ஸ்பெக்டர் ஓடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மிச்ச எண்ணெ எந்த வூட்டுல இருக்கு?" என்றார்.

வீடு வீடாகச் சோதனை நடந்தது. பழஞ்சேலையை ஓடையில் தோய்த்துச் சட்டியில் பிழிந்து வைத்திருந்தவர்களை வேனில் ஏற்றினார்கள். மணியக்காரரின் தங்கை செங்கமலமும் அவர்களில் ஒருத்தி. புருசனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு விளக்கில்லாமல் கிடந்தவள்.

"மண்ணுல கொட்டுனத அள்ளுனா திருட்டா அண்ணே? நீதான் போயி சொன்னியாமே!"

ஜெயிலிலிருந்து திரும்பியவள் அண்ணன் வாசலை மிதிக்கவே இல்லை.

அடுத்த ஐப்பசியில் அதே வியாபாரியின் பாரவண்டி அதே பாலத்தருகே அச்சு முறிந்தது. இந்தத் தடவை பூச்சிக்கு அடிக்கிற பாஷாணம். மூட்டைகள் கிழிந்து, மழைத்தண்ணீரில் வெள்ளையாகக் கரைந்து ஓடியது.

"வாயத் தொறந்துடாதீங்க மணியாரே," என்றார் பக்கத்து வீட்டு அரியமுத்து. "மறுபடி ஊரையே உள்ள தூக்கிப் போட்டுருவான்."

இளையபெருமாள் பெரம்பலூர் போகவில்லை. ஓடைத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னார். போலீசுக்கு ஆள்காட்டியவன் பேச்சை யார் கேட்பது? முதலில் ஆடுகள் செத்தன. பிறகு செங்கமலத்தின் சின்னவள், வாந்தியெடுத்தே அடங்கிப்போனாள்.

சாவுக்குப் பிறகு தாசில்தார் வந்தார்.

"உடனே ஏன்யா தகவல் குடுக்கல?"

"போன வருசம் குடுத்தேங்க."

அந்தப் பதிலுக்கே வேலை போயிற்று. வியாபாரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் இளையபெருமாள் மண்வெட்டியோடு ஓடைக்குப் போனார். வெளுத்துக் கிடந்த மண்ணை வெட்டியெடுத்து, மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார். அக்கரையில் செங்கமலம் பெரியவளின் கையை இறுகப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்தார். அவள் திரும்பிப் பார்க்காமலே போனாள்.