மச்சு அறையில் கடைசி ஞாயிறு

1961 நவம்பர் 12, ஞாயிறு. சுபுஹு தொழுகை, ஆறரைக்குத் தேநீர், பத்து மணிக்கு இரண்டு கிரயப் பத்திரங்களின் நகல். பத்திரம் எழுதுவது என் தொழில். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மாடியிலுள்ள மச்சு அறைக்குப் போனேன்.

கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். பதினெட்டு வருடமாக நானும் மாமியார் வீட்டில் இருக்கிறேன். ஜாஸ் இசை கேட்க எனக்கிருந்த இடம் அந்த மச்சு அறை ஒன்றுதான். கொழும்பில் துணிக்கடை வைத்திருக்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், ஊருக்கு வரும்போதெல்லாம் இசைத்தட்டு கொண்டுவருவார். அன்று பழையது நான்கும் புதிய பெரிய தட்டு ஒன்றும் வைத்தோம்.

"பழசுல எல்லாரும் சேந்து ஊதி, சேந்து முடிக்கிறாக. இதுல ஒருத்தன் தனியா ஊதிக்கிட்டுக் கெளம்பிப் போனவன் ஏழு நிமிசமா திரும்பல மச்சான்" என்றேன்.

"கடியாரத்தப் பாத்துக்கிட்டே கேட்டா அப்படித்தான். பத்திரமா எழுதுறான் அவன், நாலு எல்லையும் சொல்லி முடிக்க?"

சிரித்துக்கொண்டிருந்தபோது மாமி படியேறி வந்தார். மச்சான் பாட்டை நிறுத்தினார்.

"மாப்புள, எம் சின்ன மகளுக்கு நிக்காஹ் பேசி முடிச்சாச்சு. வர்ற மாப்புளைக்கு இந்த ரூமைக் குடுக்கலாமான்னு ஒங்கள்ட்ட கேக்க வந்தேன்."

"ஒங்க வீடு மாமி. ஒங்க இஷ்டம்."

மரியாதைக்குச் சொல்வது அது. 'இல்ல, நீங்களே வச்சுக்கங்க' என்று பதிலுக்கு மரியாதை வரும் என்று நினைத்தேன். "நல்லாயிருங்க" என்று சொல்லி மாமி இறங்கிப் போய்விட்டார்.

மச்சான் என்னையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தா உம்மா வேற ரூம் பாத்திருக்கும்."

கீழே எங்களுக்கு உள்ளது நடு அறை. நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி குர்ஆன் ஓதும் இடம். அங்கே எந்தத் தட்டையும் சுழலவிட முடியாது.

"தனியா வீடு பாத்துப் போங்களேன்."

"ஒங்க தங்கச்சி வருவாளா?"

இந்த ஊரில் எந்தப் பெண்ணும் தாய் வீட்டை விட்டுப் போனதில்லை. மூன்றேகாலுக்குப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. தட்டுகளை உறைகளில் போட்டேன்.

மறுநாள் சுபுஹு முடிந்து வந்ததும் முதல் வேலையாக, வெள்ளையடிக்க வந்தவர்களுக்கு மச்சு அறையைத் திறந்துவிட்டேன்.