அத்தை பேசாத வசனம்

சீரியல் பார்க்கிற பெண்களைக் கேலி பேசும் ஆண்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைப்பு. திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துப் பெண்கள் எட்டு மணி சீரியலுக்கு உட்கார்ந்ததைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. அங்கே யாரும் அழுததில்லை. திட்டுவதற்குத்தான் கூடினார்கள். பகலெல்லாம் மீன் விற்று, பேரம் பேசி, தொண்டை வறண்டு வந்தவர்களுக்கு, திருப்பித் திட்டாத ஒரு கூட்டத்தைத் திட்டுவதில் அலாதியான நிம்மதி இருந்திருக்க வேண்டும்.

தெருவிலேயே முதலில் கலர் டிவி வாங்கியது நாங்கள் என்பதால் கூட்டம் எங்கள் வீட்டில்தான். திட்டுவதில் எல்லோருக்கும் தலைவி என் அத்தை. அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் மூன்றே வருஷத்தில் திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். விடியுமுன் தெருப் பெண்கள் நான்கு பேரோடு ஒரே மீன்பாடி வண்டியில் ஏறிக் காசிமேட்டுக்குப் போவாள். ஏலத்தில் மீன் எடுத்து, அதே வண்டியில் கூடையோடு திரும்பி, மார்க்கெட்டில் வரிசையாக உட்கார்ந்து விற்பார்கள். அந்த நான்கு பேரும் அந்த வண்டியும்தான் அத்தைக்கு இருந்த உலகம்.

சீரியலில் அவளுக்குப் பிடித்தது எதுவுமில்லை. ஒருநாள்கூடத் தவறவிட்டதும் இல்லை. மாமியாராக நடித்தவளுக்கு மருமகளைவிட வயது குறைவு என்பது முதல் குற்றம். "தலைல மாவ தடவி வுட்டுட்டா கெய்வி ஆயிடுவாளா? கையப் பாரு, கொய்ந்த கை மாதிரி கீது" என்பாள். கதாநாயகி பதினான்கு மாதமாகக் கர்ப்பமாக இருந்தாள். "எங்க வூட்டுப் புள்ளயா இருந்தா இந்நேரம் ஸ்கூல்ல சேத்துட்டிருப்போம்." கதாநாயகியின் அழுகையை அவள் ஒத்துக்கொண்டதே இல்லை. கண்ணிலே தண்ணீர் வருகிறது, மூக்கு சிவக்கவில்லையே, மூக்கு சிவக்காமல் எவள் அழுவாள் என்று கேட்பாள். அம்மா சமையல்கட்டிலிருந்தே, "உனுக்கு எதுதான் ஆவும்?" என்று சலித்துக்கொள்வாள்.

ஆனால் இதெல்லாம் விளையாட்டுக் கோபம். நிஜமான கோபம் அந்தக் கதையில் வந்த மீன்காரியின் மேல்தான். பட்டு ஜாக்கெட், கை நிறைய கண்ணாடி வளையல், நகத்தில் பாலிஷ். கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வஞ்சிரம் என்று கூவினாள். பேச்சில் மூன்றுக்கு ஒரு வார்த்தை கஸ்மாலம். அவள் வாயைத் திறந்தாலே பின்னால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடுவார்கள், நாம் சிரிக்க வேண்டுமாம். அத்தைக்கு முகம் கறுத்துவிடும்.

"நாம பேசறது அவங்களுக்கு ஜோக்கா? ஒரு நாளு என் கைல மாட்டட்டும். எப்டி பேசறதுன்னு காட்டறேன்" என்பாள்.

மாட்டினார்கள். நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்துப் பக்கம் அந்த சீரியலின் ஷூட்டிங் நடக்கப்போகிறது என்று வண்டிக்காரர் வந்து சொன்னார். ஷூட்டிங் அன்று அத்தை விடிந்ததுமே மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தலைக்குக் குளித்துப் புறப்பட்டாள். நான் யூனிஃபார்மோடு பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரி கிளம்பி, தெருமுனையில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வருஷம் இரண்டு தடவை மட்டம் போட்டு மாட்டியிருந்தேன். மூன்றாவது தடவை மாட்டினால் படிப்பை நிறுத்தி இறால் உரிக்கும் ஷெட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா வெறும் வாய்ப்பேச்சுக்காரி இல்லை. பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். ஐஸில் கைவிரல்கள் வெளுத்து ஊறிப்போயிருக்கும். அத்தைக்கும் இது தெரியும். "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன் கதையே முடிஞ்சிடும், போடி" என்று விரட்டினாள். நான் அழுதேன். என் மூக்கு சிவந்திருக்க வேண்டும். என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள்.

கதைப்படி, புகுந்த வீட்டார் துரத்திவிட்ட கதாநாயகி சாவதற்காகக் கடற்கரைக்கு வந்து நிற்கிறாள். மீன்காரி வந்து ஏதோ சொல்ல வேண்டும். மீன்காரியாக நடிக்கிறவள் அன்று வரவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அத்தை கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். வேறொரு மீன்காரி என்று வைத்துக்கொண்டால் கதை கெட்டுவிடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒரு பையன் வசனத்தைப் படித்துக் காட்டினான். கேட்டதும் அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"சாவ வந்த பொண்ணாண்ட எவனாச்சும் இப்டி பேசுவானா? நான் என் வாயால பேசறேன். இஷ்டம்னா எடு."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நானும் பின்னால் நிற்கலாம் என்று ரிப்பனைச் சரிசெய்துகொண்டு போனேன். தொப்பி போட்ட ஒருவன், "ஏய் யூனிஃபார்ம், ஓடு அந்தப் பக்கம்" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். மணலில் விழுந்தேன். அத்தை பார்த்தாள், எழுந்து வரவில்லை. அவளுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷத்தில் அவளைப் பிடிக்காமல் போயிற்று. படகு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து எல்லாமே கேட்டது.

அத்தை கதாநாயகியின் கையைப் பிடித்தாள். "எங்க வூட்டு ஆம்பளைங்களை வாரி குடுத்துட்டு குந்திகினு கீறோம் இந்தக் கடலாண்ட. நீயா போயி வுயுவியா? வா, வந்து குந்து. காத்தால இன்னா துன்ன?" அவ்வளவுதான். ஒரே தடவையில் எடுத்துவிட்டார்கள். கதாநாயகியின் மூக்கு அன்றைக்குச் சிவந்திருந்தது. டைரக்டர் கை தட்டி, டீயும் போண்டாவும் கொடுக்கச் சொன்னார். போண்டாவைப் பாதி பிய்த்து அத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காட்சி வரும் நாளில் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. எதிர்வீட்டு அக்காவை அத்தையே கையைப் பிடித்து அழைத்துவந்தாள். முந்தின வருஷம் ஐப்பசியில் கடலுக்குப் போன அக்காவின் வீட்டுக்காரர் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எவர் வீட்டுப் படியும் ஏறியதில்லை. "உன்ன நெனச்சுதான்டி அந்த வார்த்தய சொன்னேன், வந்து கேளு" என்று அத்தை அவளை டிவிக்கு எதிரே முதல் வரிசையில் உட்காரவைத்தாள்.

அத்தையின் முகம் திரையில் வந்ததும் ஒரே விசில். அத்தையின் வாய் அசைந்தது. வந்தது வேறு எவளோ ஒருத்தியின் குரல், மூக்கால் இழுத்து இழுத்து. "ஐய, சாவறதுன்னா வேற பக்கம் போயி சாவும்மே! பொணம் ஒதுங்குனா என் மீன எந்தக் கஸ்மாலம் வாங்கும்?" பின்னாலேயே 'டொய்ங்'.

சிரிக்கத் தயாராக இருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் அதுவும் நின்றது. கடலில் ஆளைக் கொடுத்த தெருவில் அந்த வார்த்தையை எவரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். அடித்துக்கொண்டு மண்டை உடைகிற சண்டையிலும் சொல்லமாட்டார்கள். பணத்துக்குக் குரல் கொடுத்த எவளோ ஒருத்தி குளுகுளு அறையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளை, அவளுக்கு எழுதிக்கொடுத்தவனை, கை தட்டி டீ வாங்கிக்கொடுத்த அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

எதிர்வீட்டு அக்கா எழுந்தாள். "இத கேக்கத்தான் கூட்டிகினு வந்தியா?" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. போய்விட்டாள்.

அத்தை பதறிப்போய், "நான் அத சொல்லலடி, அது என் குரலே இல்ல, உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். அவளோடு தினமும் வண்டியில் போகிறவள்தான் முதலில் எழுந்து நின்றாள்.

"குரலு வேற, ஒத்துக்கறேன். வாயி யாருது? உன் வாயிதான அசையுது? டிவில வரணும்னு அவன் சொன்னத சொல்லிட்டு, இப்ப கத வுடற."

"எம்மா சத்தியமா நான் வேற சொன்னேன்."

"யாரு கேட்டா? எவ பாத்தா?"

நெட்டுக்குப்பத்தில் எங்கள் தெரு ஆள் வேறு எவரும் இல்லை. கூட்டத்தில் ஒருத்தி என் பக்கம் கையை நீட்டினாள். "தோ, உங்கண்ணன் பொண்ணு உன் முந்தானிய புடிச்சிகினே திரியுமே, அது வந்துச்சா? அதக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கரண்டியோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அத்தை சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்பதும் தெரியும். அத்தை என்னைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"அது ஸ்கூலுக்குப் போயிருந்துச்சு" என்றாள். "அதுக்கு இன்னா தெரியும்? அத எதுக்கு இயுக்கற?"

"அப்ப சாட்சி இல்ல" என்றாள் அந்த வண்டித் தோழி. எல்லோரும் எழுந்து போனார்கள். சீரியல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போய் அணைத்தாள்.

எனக்கு உள்ளே கொதித்தது, ஆனால் தெருவின் மேல் அல்ல. மணலில் தள்ளியபோது கண்டுகொள்ளாதவள், இப்போது நான் அங்கே வந்ததையே மறந்துவிட்டாளே என்றுதான் கோபம். டிவியில் முகம் வந்ததும் அவளுக்கு நான் யாரோ ஆகிவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இனி அவளோடு பேசுவதில்லை என்று வைராக்கியம் வேறு.

மறுநாள் வண்டி அவளை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. கவிச்சிக் கூடையை எந்த பஸ்ஸிலும் ஏற்றவிடமாட்டார்கள். யூனிஃபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, காசிமேட்டிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துகொண்டிருந்தாள் அத்தை. மீன் தண்ணீர் வழிந்து ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் நின்றாள்.

"மணி ஆவுது பாரு, பெல்லு அடிச்சிடப் போறாங்க, ஓடு" என்றாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் பார்க்கட்டும் என்றே மெதுவாக நடந்தேன்.