குண்டூசி பூட்டிய கார்

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது சித்தியின் வாயிலிருந்து. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சித்தி மூச்சு வாங்க ஏறி வந்து தண்ணீர்த் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து, "உன் தம்பி ஒரு குண்டூசியைக் கட்டிக்கப் போறானாம்டி" என்றாள்.

"நல்லதுதானே சித்தி. தொலைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தி என் அம்மாவோடு பிறந்த ஐந்து பேரில் கடைசி. ஒரே பிள்ளை, அதுவும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. என் இடுப்பிலேயே வளர்ந்தவன். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய் மூன்று நாள் போனவன், நான்காம் நாள் அது நன்றாக ஓடும்போதும் போயிருக்கிறான். அங்கே உதட்டில் வரிசையாக ஊசிகளைக் கவ்விக்கொண்டு, பேசச் சொன்னால் ஊசிகளுக்கு நடுவிலேயே பேசுகிற ஒல்லிப் பெண் ஒருத்தி. கடையில் வைத்த பெயர் வீட்டுக்கும் அவளோடு வந்தது. சித்தி கடைசிவரை வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் சித்தியின் உயிர் போனது அவள் மடியில்தான்.

குழந்தை இல்லை. இருபது வருஷம் இரண்டு பேரும் இரண்டு அறை வீட்டில் சண்டையும் சிரிப்புமாக ஓட்டிவிட்டார்கள். அப்போதுதான் தம்பி மருந்துக்கடைக்காரர் ஒருவரின் பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தான். இரண்டே கதவு. அவனுக்கும் எனக்கும் நினைவு தெரியாத காலத்துக் கார். உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. "இதில ஏற முட்டியை மடக்கணும், இறங்க ரெண்டு ஆள் வேணும்" என்று குண்டூசி சொன்னாள். ஆனாலும் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட இடத்தை ஒழித்துக் கொடுத்தவள் அவள்தான்.

மூன்று வருஷத்தில் தம்பி அந்தக் காரைத் துண்டு துண்டாகக் கழற்றினான். பால்பவுடர் டப்பா, பிஸ்கட் டப்பா, பெயின்ட் டப்பா என்று அறுபதுக்கு மேல். எதிலும் ஒரு சீட்டு கிடையாது.

"எழுதியாவது ஒட்டுடா. நாளைக்கு எது எங்கேன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாம் இங்க இருக்குக்கா" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

அந்த நெற்றிக்குள்தான் ரத்தம் கட்டியது. உயரத்தில் தொங்கி வேலை செய்தபோதெல்லாம் விழாதவன், வேலையிடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது விழுந்தான். வலது கையும் காலும் போயின. பேச்சு அடியோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "அவருக்குப் பழக்கமான பொருளைக் கையில குடுத்துப் பேசிட்டே இருங்க. எதுல திறக்கும்னு சொல்ல முடியாது" என்று சொல்லி அனுப்பினாள்.

குண்டூசி சீப்பைக் கொடுத்தாள், சாவிக்கொத்தைக் கொடுத்தாள், கல்யாணப் போட்டோவைக் கொடுத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு மதியம் வெக்கை தாங்காமல் அவனைத் தகரக் கொட்டகைப் பக்கம் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ஏதோ ஒரு டப்பாவிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து, "இது என்னங்க, தண்ணி பம்போடதா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் அவளைப் பார்த்து, "ம்" என்று தலையாட்டினான்.

உடனே எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, அவரு உள்ள இருக்காரு. எங்கயும் போகல. உள்ளதான் இருக்காரு."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. கார் எழுந்து நின்றால் அவனும் எழுந்து வருவான் என்று நம்பினாள். கடை வேலையை விட்டாள். காலையில் வீட்டிலேயே துணி திருத்திக் கொடுப்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகை. நான் வியாழக்கிழமைகளில் போவேன். அவனை நடுவில் உட்காரவைத்து, சுற்றி டப்பாக்களைப் பரப்பி, அவள் தரையில் சம்மணம் போட்டிருப்பாள்.

"இந்தப் போல்ட்டா?"

"ம்."

"சின்னதுதானே போடணும்?"

"ம்."

என் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். "பாத்தீங்களா அண்ணி? வாய் இருந்தப்போ ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுவாரு. இப்பதான் நல்ல புருஷனா இருக்காரு."

அவள் நகக்கண்ணெல்லாம் கறுப்பு, முகத்தில் சதை போட்டிருந்தது. இரவு தூங்குவதாகச் சொன்னாள்.

மூன்றாவது வியாழக்கிழமை அவள், எஞ்சினில் எண்ணெய் கசியாமல் நடுவில் வைக்கிற பேக்கிங் வாங்கக் கடைக்குப் போனாள். நான் அவனோடு இருந்தேன். "டீ குடிக்கிறியாடா?" என்றேன். "ம்" என்றான். கொண்டுவந்து வாயருகே வைத்தேன், வாயை இறுக்கிக்கொண்டான். "வேணாமா?" "ம்." டம்ளரைக் கீழே வைத்தேன். "நான் யாரு, உன் பொண்டாட்டியா?" என்று கேட்டேன். அதற்கும் "ம்" என்று அழகாகத் தலையாட்டினான்.

அவள் திரும்பி வந்தபோது சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். பேக்கிங்கை அவன் மூக்கருகே ஆட்டி, "கடைக்காரன் இது இல்லன்னான், நீங்க சொன்னீங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்" என்று அவள் குழந்தை மாதிரி நின்றாள். சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமும் அப்படியே போயிற்று.

எஞ்சின் பூட்டும் நேரம் வந்தபோது தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். கிரீஸ் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தூக்கி வைக்கிற வேலைக்கு மட்டும் அவன். எஞ்சினுக்குள் நாலு தண்டு, ராடு என்பார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அரைவட்ட மூடி ஒன்று. கிரீஸ் நாலு மூடியையும் கோணியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு ராடுக்கும் அதோட மூடிதான். மாறினா எஞ்சின் காலி. இதுல நம்பர் தேஞ்சு போச்சு. எங்கயாவது குறிச்சு வெச்சிருக்காரா?"

"குறிப்பு எதுக்குடா? ஆளே உக்காந்திருக்காரு."

முதல் மூடியை எடுத்தாள். "இது ஒண்ணாவதா?" "ம்." அடுத்ததை எடுத்தாள். "ரெண்டாவது?" "ம்." அவள் எந்த வரிசையில் கையில் எடுத்தாளோ அதுவே வரிசையாயிற்று. கிரீஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வாசலில் அவன் என்னை நிறுத்தினான். "பெரியம்மா, நான் சொல்லிடவா?"

"வேணாம்ப்பா."

அந்த 'வேணாம்' நான் சொன்னது. வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

இருக்கைகளை அவளே தைத்தாள். சிவப்பு ரெக்சின், ஓரத்தில் வெள்ளை நாடா. வீட்டு மெஷினில் பதினோரு ஊசி ஒடிந்தது. பழைய உறையைப் பிரித்து, தையலோடு தையல் பார்த்து வெட்டினாள். இதில் மட்டும் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காரில் குறை சொல்ல முடியாமல் இருந்தவை அந்த இரண்டு இருக்கைகள்தாம்.

கிளப்பிப் பார்க்கிற அன்று காலையில் அவனுக்குத் தேய்த்த சட்டை போட்டு, கிரீஸும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி முன் இருக்கையில் உட்காரவைத்தார்கள். "ஒருதடவை திறந்து பாத்துடலாம்கா" என்று கிரீஸ் அப்போதும் சொன்னான். "நேத்து ஸ்பானர் பிடிச்சவன் நீ. அவரு சொல்லி நான் பூட்டினது, கிளப்புடா" என்றாள்.

கிளம்பியது. தகரக் கூரை அதிர்ந்தது, புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. குண்டூசி ஜன்னல் வழியாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதாங்க? கேக்குதா?" என்றாள். "ம்" என்றான். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் நாலைந்து அடி. ஒரு பெரிய சத்தம். எண்ணெய் கறுப்பாகத் தரையில் வழிந்து எங்கள் கால்வரை வந்தது. ராடு ஒடிந்து எஞ்சின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

மறுநாள் கிரீஸ் பிரித்துக் கோணியில் பரப்பினான். இரண்டு மூடி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. "மூடி மாறிடுச்சுக்கா" என்றான். தன் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

குண்டூசி ஒரு மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"இது நாலாவதோடதாங்க?"

"ம்."

"இல்ல, ஒண்ணாவதோடதுதானே?"

"ம்."

மூடியைக் கீழே வைத்தாள். மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். "இது கார்பரேட்டரா?"

"ம்."

"நான் யாரு? உங்கம்மாவா?"

"ம்."

"நான் செத்துட்டேனா?"

அவன் அவளைப் பார்த்து, முன்பெல்லாம் எப்படித் தலையாட்டினானோ அப்படியே தலையாட்டினான். கத்தரிக்கோலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"பேக்கிங் வாங்கப் போனியே, அன்னிக்கு."

விரலை மடக்கி மாதம் எண்ணினாள். எட்டு. "சாம்பார்ல உப்பு இல்லன்னா வாசப்படி தாண்டறதுக்குள்ள சொல்லுவீங்க. இதைச் சொல்ல வாய் வரலையா?"

"நீ சந்தோஷமா இருந்தியே."

"யாரோட?" என்றாள்.

 அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவன் வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, சட்டையை மாற்றி, அடுப்படிக்குப் போனாள்.

கார் பழைய இரும்புக்குப் போயிற்று. டப்பாக்களும் அதோடு போயின. அதன் பிறகு ஒன்றரை வருஷம் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து எல்லாம் செய்தாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. சோற்றை வாயில் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் அவனைத் தூக்கும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமே தரையில் கிடந்திருக்கிறார்கள். பால்காரர்தான் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் முடியவில்லை.

தம்பி இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில், ஆறு பேர் படுக்கிற அறையில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறான். குண்டூசி பழைய சீருடைக் கடையிலேயே, இரண்டாம் மாடியில் காஜா எடுக்கும் மெஷினில் உட்கார்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய் அவனுக்கு நகம் வெட்டிவிட்டு வருகிறாள். என் வீட்டுக்கு வருவதில்லை. அதே இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள்.