சிலுப்பாத சேவல்

எங்கள் வீட்டுக் கதவு திறக்கும்போதும் சாத்தும்போதும் கிறீச்சென்று ஒரு குரல் கொடுக்கும். அந்த வருஷம் பனிக்காலம் முழுக்க நான் கண் விழித்தது அந்தக் குரலில்தான். மலை மேல் இருக்கும் எங்கள் பெரக்கரை நாட்டில் பனி இறங்கிவிட்டால் வாசலில் நிற்கும் பலாமரமே கண்ணுக்குத் தெரியாது. கதவு கத்தினால் அப்பா எழுந்துவிட்டார், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று தைரியமாகப் புரண்டு படுத்துக்கொள்வேன்.

அம்மா வீட்டில் இல்லை. தம்பி பிறப்பதற்கு முன்பே உடம்புக்கு முடியாமல் போய், சோளக்காடு ஊரிலிருந்து ஆம்புலன்ஸை வரவழைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். துணைக்கு அத்தை போனார். பாப்பா வாங்கி வரப் போயிருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். நானும் அவள் சந்தைக்குப் போனது போலவே காத்திருந்தேன். அப்பா மட்டும் அன்று காலையே எங்கள் செவலைச் சேவலைப் பிடித்து, குன்றின் மேல் இருக்கும் சாமியைப் பார்க்கத் திருப்பி, "ரெண்டு உசுரும் நல்லபடியா ஊடு வந்து சேந்துட்டா இது உனக்குத்தான் சாமி" என்றார். ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்குவது எனக்கு நல்ல பேரமாகத்தான் பட்டது.

போவதற்கு முன் அம்மா ஒரு கோழியை அடை வைத்திருந்தாள். கூடையில் சாமை வைக்கோல்; இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஓரத்தில் ஓர் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும். கோழி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, உடம்பை மட்டும் இங்கே விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது போல உட்கார்ந்திருக்கும். சேவல் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும். கோழி ஓர் அதட்டல் போட்டால், தனக்கு வேறு வேலை இருப்பது போல நகர்ந்துவிடும். குஞ்சு பொரிந்ததும், கொத்தினாலும் கொத்திவிடும் என்று அப்பா அதைக் காலில் கயிறு போட்டுப் பலாமரத்தில் கட்டிவிட்டார்.

குஞ்சுகளுக்கு இறகு முளைப்பதற்குள் ஒரு மத்தியானம், மிளகுக் கொடிப் பக்கம் மேய்ந்த கோழியைக் காட்டுப்பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. பொழுது சாய்ந்து பனி இறங்கியபோது, புல்லுக்குள் ஒளிந்திருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தன. அப்பா கூடையை எடுத்து வருவதற்குள் அவை நேராகப் பலாமரத்தடிக்குப் போய்ச் சேவலின் வயிற்றுக்கடியில் முட்டின. அது பதறி ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தது. பிறகு கோணலாக உட்கார்ந்து, ஒரு பக்க இறக்கையை மட்டும் விரித்துக் கொடுத்தது. அப்பா வெறும் கூடையோடு நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அந்த நாட்களில் அப்பாவும் எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெயைக் கை நிறைய ஊற்றித் தேய்ப்பார். அதன்பின் எத்தனை சொம்பு ஊற்றினாலும் தண்ணீர் தலையில் ஒட்டாமல் உருண்டு ஓடும். சடைகளில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றொன்று கழுத்துக்குக் கீழேயும் நிற்கும். பின்னி முடித்ததும் பாறை மேல் ஏறி, சிக்னல் தேடி, அத்தையோடு செல்போனில் பேசுவார். பேச்செல்லாம் அத்தையுடையது, அப்பா "சரிக்கா, சரிக்கா" என்பதோடு சரி. இறங்கி வந்து, சேவல் குஞ்சுகளுக்குச் சீய்த்துக் கொடுக்கும் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். அதில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு இருக்கும்.

ஒருவழியாக அம்மா பாதியாக இளைத்து, தம்பியோடு வந்து சேர்ந்தாள். சாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும். சேவலும் போய்விட்டால் குஞ்சுகள் யாரிடம் போய்ப் படுக்கும் என்று அப்பாவைக் கேட்டேன்.

"சாமிக்குச் சொன்னது சொன்னதுதான் கண்ணு" என்றார். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் கதவு கத்தியது. எட்டிப் பார்த்தேன். அப்பா பனிக்குள் உட்கார்ந்து, சேவலை மடியில் வைத்து, தலைக்கும் கழுத்துக்கும் முதுகுக்கும் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேய்க்கும் அதே பொறுமை. சாமியிடம் போகிறதே, அழகாகப் போகட்டும் என்று செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அழுகை இன்னும் கூடியது.

எங்கள் பக்கம் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாததை வெட்டக்கூடாது. குன்றின் மேல் சாமி முன்னால் பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். அது முத்து முத்தாக உருண்டு ஓடியது. சேவல் எங்களை வேடிக்கை பார்த்தது. மறுபடியும் தெளித்தார், சேவல் அசையவில்லை. பூசாரி அதன் கழுத்தைத் தடவிப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாமிக்கு இப்ப மனசில்லீங்க. அடுத்த வருசம் கேட்டுக்கலாம்" என்றார் பூசாரி.

குஞ்சுகள் மேல் சாமிக்கு இருந்த இரக்கத்தை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு ஓடி வந்து, சாமி வேண்டாமென்று சொல்லிவிட்டதை அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பின்னாலேயே வந்த அப்பா சேவலை வாசலில் இறக்கிவிட்டு, தம்பியை வாங்கக் கையை நீட்டினார்.

"ஏனுங்க, கையெல்லாம் வெளக்கெண்ண வாசம் அடிக்குது?" என்றாள் அம்மா.

"கதவு கத்துதேன்னு கீலுக்குக் கொஞ்சம் விட்டேன்" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தாள். என் கோணல் சடைகளைப் பார்த்தாள். வாசலில் குஞ்சுகள் நான்கு பக்கமிருந்தும் ஓடி வந்து சேவலின் காலடியில் முட்டுவதையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா தம்பியை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குஞ்சுகள் அடைந்துவிட்டனவா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். அது ஊரையே எழுப்புவது போலக் கிறீச்சிட்டது. காலையில்தானே எண்ணெய் விட்டேன் என்றார் அப்பா, அப்புறமும் இது ஏன் இப்படிக் கத்துகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.