ஊருக்குப் போகிற பெட்டி

அயோவாவில் நாங்கள் இருந்த சின்ன நகரத்தில் வேறு தமிழ்க் குடும்பமே கிடையாது. அங்கே எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். எங்கள் வீட்டில் மட்டும் அப்படிக் கடல்தாண்டி வந்த அம்மாவும் அப்பாவும் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் அலமாரிக்குள் ஒரு பெட்டி எப்போதும் திறந்தே கிடக்கும். வருஷம் முழுக்கத் தள்ளுபடியில் வாங்குவதெல்லாம் ஊருக்கென்று அதற்குள் போகும். சித்திக்கு செண்ட், மாமாவுக்கு ஷேவிங் கிரீம், பக்கத்து வீட்டுக்குக்கூடப் பாதாம். சாக்லேட்டை நான் தொட்டால் தொலைந்தேன். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுவார்; விமானத்தில் விடுகிற ஐம்பது பவுண்டைத் தாண்டினால், அவர் தொப்பைதான் கூடியிருக்கிறது என்று அம்மா சாதிப்பாள்.

எனக்கு எட்டு வயதானபோது, ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் சித்திக்குக் கல்யாணம் என்று முடிவானது. இனி ஒரு சோப்புக்குக்கூட இடமில்லை என்று பெட்டி நிரம்பிய பிறகுதான் அப்பா சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம்ல. இப்ப ஊருக்குப் போனா திரும்பி வர்றது கஷ்டம்னு லாயர் சொல்றார்."

அம்மா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். கோடை முழுக்க நீச்சல்குளம்தான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மறுவாரம் பள்ளியிலிருந்து எங்களை நகரத்து மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு அம்மாவும் வந்தாள். முதன்முதலில் குடியேறியவர்களின் மரப்பெட்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒன்றின்மேல் ஒரு பெண்ணின் பெயரும் அவள் ஊரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதப்பட்டிருந்தன. நாலு பேர் நடுவில் வாயே திறக்காத அம்மா, சுற்றிக்காட்டிய பெண்மணியிடம் இங்கிலீஷில் கேட்டாள், இவள் திரும்ப ஊருக்குப் போனாளா என்று.

ஒரு தடவைகூட இல்லை, ஆனால் தொண்ணூறு வயதுவரை இங்கே நன்றாக வாழ்ந்தாள் என்றார் அவர், பெருமையாக.

அம்மா தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் கையை நீட்டி அந்த மூடியைத் தடவினாள். என் வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போயிற்று.

"அம்மா, டோன்ட் டச்" என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து காலி செய்தாள். சாக்லேட் பைகளை எல்லாம் என் மடியில் போட்டாள்.

"எல்லாம் உனக்குத்தான். சாப்பிடு."

இப்போது அமெரிக்காவின் இன்னொரு மூலையில், மான்மவுத் ஜங்ஷனில் என் அலமாரியிலும் ஒரு பெட்டி திறந்து கிடக்கிறது. அதில் சாக்லேட்டை வைக்கும்போதெல்லாம், அந்தக் கூடத்தில் அம்மாவின் பக்கத்தில் ஒரே ஒருமுறை போய் உட்காரமாட்டோமா என்று மனம் ஏங்குகிறது. அன்றைக்கோ எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் அத்தனையையும் தின்று தீர்த்தேன். உனக்கு ஒன்று வேண்டுமா என்று அம்மாவைக் கேட்கக்கூட இல்லை.