ஒவ்வொரு படியாகப் பின்னால் போன சிராஜ் அண்ணன்

மேல் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், சிராஜ் அண்ணனை அறிந்த நீங்கள், இந்நேரத்தில் நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தான், விழிப்பதற்குள் முடிக்கவேண்டும். போடியிலிருந்து கார்டு வந்தது முந்தாநாள். போடிமெட்டுச் சாலையில், ஜீப்பில், நெஞ்சுவலியில் அண்ணன் போய்விட்டார். அவ்வளவுதான் இருந்தது. அழக்கூட முடியவில்லை. மேல் எஸ்டேட்டில் எங்கள் பழைய சிப்பை அவர் மாற்றிவிட்டாரா என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடை. நான் கணிதம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு இருவரும் ஒரு கருவி செய்தோம். சூடு மிஞ்சினால், அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியை அது தானே நிறுத்தும். பெட்டி அவர் வேலை; அதன் சிப்புக்குள் ஓடும் கட்டளைகள் என் எழுத்து. கீழ் எஸ்டேட்டில் ஒன்று, மேலே ஒன்று. கடைசியாக ஓடிய சில நூறு கட்டளைகள் தனியே பதிவாகவும் அவர் வழி செய்திருந்தார். பொத்தானை அழுத்த அழுத்த, சிவப்பு எண்களில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும். இது எதற்கு என்று கேட்டேன். "மனுசன் பயத்துல மாத்திச் சொல்லுவான் விமலா, இதுக்கு அந்தச் சோலியில்ல" என்றார்.

போன மழையில் கீழ் ஸ்டோரில் காய் கருகியது. அடுப்பைப் பார்த்துக்கொண்ட கருப்பாயக்கா விசிறி வயரைப் பிடுங்கி, அண்ணன் சொல்லிவைத்தபடி பதிவையும் நிறுத்தியிருந்தார். ஆனால் பிள்ளையின் நனைந்த கம்பளியை வெப்பமானி மேல் காயப்போட்டிருந்தார். மழைக்காலத்தில் மலையில் வேறெங்கே துணி காயும்? ஈரம் சூட்டை மறைத்துவிட்டது என்று முடிவுகட்டிய முதலாளி, அவரைப் பிள்ளையோடு ஊருக்குப் போகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அண்ணன் பெட்டிமுன் உட்கார்ந்து எண்களை வாசித்தார், நான் எழுதினேன்.

"என்னப்பா, சினிமாவப் பின்னாலருந்து ஓட்டுறியா?" என்றார் முதலாளி.

"ஆமா மொதலாளி. கொல செஞ்சவன் கடைசி ரீல்லதேன இருப்பான்."

சூடு சரியாகவே பதிவாகியிருந்தது. கம்பளி எதையும் மறைக்கவில்லை. அதற்கடுத்த கட்டளையில் என் பென்சில் நின்றது. சூடு மெல்ல ஏறினால் விசிறி நிற்கும். காய்ந்த விறகு பிடித்து ஒரேயடியாக ஏறினாலோ, அந்தப் பெரிய எண்ணைக் குறைந்த எண்ணாக எடுத்துக்கொண்டு விசிறியை ஓடவிடும்படி நான் தவறாக எழுதியிருந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "எழுதும்மா, இன்னும் ரெண்டு படி போவோம்" என்றார். பிறகு எழுந்து முதலாளியிடம் சொன்னார்: "தப்பு எங்க எழுத்துல இருக்கு. அக்கா மேல ஒண்ணுமில்ல."

"எங்க எழுத்து" என்றார். வசவு முழுவதையும் அவரே வாங்கினார். எட்டு மாத வயிற்றோடு நான் பேசாமல் நின்றேன். கருப்பாயக்காவுக்கு மேல் ஸ்டோரில் வேலை கிடைத்தது. கீழே சிப்பை மாற்றினோம். "மேலயும் வெரசா மாத்தணும். நீ பேறுகாலத்தப் பாரு, அது ஏஞ்சோலி" என்றார்.

தன் தவறு கிடக்கும் இடம்வரை நிற்காமல் பின்னால் போகும் அந்தப் பொறுமைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதனால் இப்போதாவது எழுதுகிறேன்: அந்தத் தவறு அவருடையதல்ல, என்னுடையது.

எஸ்டேட்டுக்குத் தந்தி கொடுத்தேன், பதிலில்லை. அன்று அந்த ஜீப் மேல் எஸ்டேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்ததா, சிப்பை மாற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்ததா? தெரியும்வரை மேல் ஸ்டோரில் விசிறியைக் கையால் நிறுத்தச் சொல்லுங்கள். கருப்பாயக்கா பிள்ளையோடு அந்த அறையை ஒட்டித்தான் படுக்கிறார். தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.